அறுபத்தொன்றாம் எண் மூட்டை

வியாழன்தோறும் வருவாள் யஸ்னா.
அவன் சட்டைகள் ஏழு,
சிறுமியின் பள்ளிச் சீருடை,
தன்னுடையதென்று ஒன்றோ இரண்டோ.
வெளுத்ததைத் திரும்ப எடுத்துப் போகும்போது
ஒன்று குறையும்.

முதல் வாரம் ஒரு கம்பளிக் காலுறை.
நான்தான் தொலைத்தேன் என்று
இயந்திரங்களுக்குப் பின்னால் தவழ்ந்து தேடினேன்.
மறுவாரம் அவளே சொன்னாள்,
உலர்த்தி உறுமும் சத்தத்துக்கு அடியில்:
"அது இங்கேயே இருக்கட்டும், எர்மின்டா."

சீட்டு எழுதினேன். எண் 61.
பெயர்: திருமதி ஒயார்சூன்.
எனக்குத் தெரிந்து புந்தா அரேனாஸில்
அந்தப் பெயரில் துணி போடுகிறவள் யாருமில்லை.

முன்பொருமுறை நானும் கேட்டவள்தான்,
"இன்னும் ஏன் அவனோடு இருக்கிறாய்?" என்று.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.
ஐந்து மாதம் வரவில்லை.

அவன் எல்லாவற்றையும் எண்ணுகிறவன்.
ரொட்டியை, பெட்ரோலை,
தங்கையோடு அவள் பேசிய நிமிடங்களை.
துணியை மட்டும் எண்ணமாட்டான்;
அது பெண்பிள்ளை வேலை.
அந்த ஓட்டை வழியாகத்தான்
ஒரு குளிர்காலம் முழுக்க
அவள் வெளியேறிக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொரு ஸ்வெட்டராக.

மூட்டைக்குள் பிறகு சேர்ந்தவை:
மிலென்காவின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை,
இளைப்புக்கு உறிஞ்சும் மருந்து,
காது கிழிந்த துணி முயல்,
என் தம்பியின் பழைய பொத்தான் கைபேசி.
அவளுடையது அவள் எங்கே நிற்கிறாள் என்று
அவனிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தது.

என் கடைத் தொலைபேசியில்தான் பேசினாள்.
மறுமுனையில் ஒரு பெண், அவசரமே இல்லாத குரல்.
கிளம்பும் நாள்தான் மிக ஆபத்தான நாள்,
நாளை நாம் சேர்ந்து குறிப்போம் என்றாளாம்.
கதவைத் தாண்டினால் முடிந்தது என்று
அதுவரை நான் நினைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய் அவனே வந்தான்.
கதவை எனக்காகப் பிடித்துச் சாத்தினான்,
காற்றைப் பற்றி வேடிக்கையாய் ஏதோ சொன்னான்.
ஊரில் எல்லோருக்கும் பிடித்தவன்.
"என் மனைவிக்கு இங்கே அவ்வளவு நேரம் ஆகிறதே?"
"கறை போக நேரமாகும்" என்றேன்.
மூட்டை என் முழங்காலை உரசிக்கொண்டு இருந்தது.
கால் நடுங்கியது.
கை நடுங்காமல் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன்,
மீதிச் சில்லறையையும்.

குறித்த நாளில் காற்று துறைமுகத்தை மூடிவிட்டது.
நடப்பவர்கள் பற்றிக்கொள்ளத்
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்.
ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மகள்,
அப்படித்தான் வந்தாள்.
படகு இல்லை. வீடும் இனி இல்லை.
ஷட்டரை இறக்கி விளக்கை அணைத்தேன்.
விடுதிப் போர்வைக் குவியலில் சிறுமி தூங்கிப்போனாள்.
நாங்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து
ஒவ்வொரு காரின் சத்தத்தையும்
போய் முடியும்வரை கேட்டோம்.

ஐந்தரைக்கு அந்த மையத்து வண்டி வந்தது.
ஓட்டியவள் சொல்ல வேண்டிய சொல்லைச் சொன்னாள்:
"சீமைச்சுரைக்காய்."
மிலென்கா சிரித்துவிட்டாள்.
அந்த வீட்டிலிருந்து வந்த குழந்தை சிரித்து
அன்றுதான் கேட்டேன்.

காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது.
எந்தக் கரை, எந்த ஊர் என்று கேட்கவில்லை.
தெரியாததை
யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அவன் இருமுறை வந்தான்.
இரண்டாம் முறை நீதிமன்றத் தாள் வந்துவிட்டிருந்தது;
கத்தவில்லை, கண்ணாடியில் நெற்றியை வைத்து
உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான்.
அதற்குப் பிறகு ஒரு மாதம்
நான் தனியாகக் கடை பூட்டவில்லை.

நேற்று மருந்துக்கடைப் பெண்
ஒரு சின்னக் குல்லாயை விட்டுவிட்டுப் போனாள்.
மறந்துவிட்டாளே என்று
எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினேன்.
தெருவில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

குல்லாயை
முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.